அலுமினியமா, இரும்பா? உப்புக்காற்றில் இரண்டையும் ஒப்பிடுவது எப்படி

ராமேசுவரம் பக்கம் மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ வீடு கட்டுகிறவர்கள் சன்னல் போடும் கட்டத்துக்கு வந்ததும் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். "இரும்பு போட்டா உப்புக்காத்து தின்னுடும், அலுமினியம் போடுங்க" என்பார் ஒருவர். "அலுமினியம் லேசு, ஒரு தட்டு தட்டினா நெளிஞ்சிடும், இரும்புதான் கெட்டி" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசுவது ஒரே குணத்தைப் பற்றி அல்ல. முதலாமவர் பேசுவது அரிப்பைப் பற்றி, இரண்டாமவர் பேசுவது வலிமையைப் பற்றி. எந்தக் குணத்தை ஒப்பிடுகிறோம், ஒப்பிடும்போது எதைச் சமமாக வைத்துக்கொள்கிறோம் என்ற இரண்டையும் முதலில் தெளிவாக்கிவிட்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும். இயந்திரவியலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நம் கடற்கரையில் தினமும் கண்ணில் படுகிற பொருள்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

நாம் புழங்குகிற இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் தனி உலோகங்கள் இல்லை, கலப்புலோகங்கள். இரும்போடு கால் சதவீதத்துக்கும் குறைவான கரி சேர்ந்தது மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண எஃகு. வெல்டிங் பட்டறைகளில் எம்.எஸ். என்று சொல்வது இதைத்தான். கரி 2 சதவீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு, நம் கனத்த தோசைக்கல் அந்த வகை. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் எவர்சில்வர். அலுமினியத்திலும் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. மீன் விற்கும் பெண்கள் தலையில் சுமக்கிற அன்னக்கூடை ஏறக்குறையத் தூய அலுமினியம். சன்னல் சட்டம் மக்னீசியமும் சிலிக்கானும் கொஞ்சம் சேர்ந்த 6000 வரிசை. கப்பல் கட்டும் தகடு 4 முதல் 4.9 சதவீதம் வரை மக்னீசியம் சேர்ந்த 5083. ஆக "அலுமினியம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் இரும்புப் பக்கம் எம்.எஸ்., அலுமினியப் பக்கம் 6000 வரிசையில் வரும் 6061, பிறகு 5083 என்ற இரண்டு கலவைகள். இவற்றை வைத்தே பேசுகிறேன்.

எடையில் குழப்பமே இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் எம்.எஸ். 7.85 கிராம். அதே அளவு அலுமினியம் சுமார் 2.7 கிராம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

வலிமையும் விறைப்பும்

எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இந்த இரண்டையும்தான். ஒரு கம்பியை இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். இன்னும் இழுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், விட்ட பிறகும் திரும்பாமல் நீண்டபடியே நின்றுவிடும். அந்தக் கட்டம் எவ்வளவு சுமையில் வருகிறது என்பது வலிமை. அதற்கு முன்னால், திரும்பி வருகிற நிலையிலேயே, ஒரு குறிப்பிட்ட சுமைக்கு எவ்வளவு நீள்கிறது என்பது விறைப்பு. குறைவாக நீண்டால் விறைப்பு அதிகம். இரண்டும் தனித்தனிக் குணங்கள். ஒன்று கூடினால் மற்றதும் கூட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

வலிமையை மெகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு உள்ள மெல்லிய கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். 10 மெகாபாஸ்கல் என்றால் அந்தக் கம்பியில் சுமார் ஒரு கிலோ தொங்குகிறது என்று பொருள். சாதாரண எம்.எஸ். 250 மெகாபாஸ்கல் தாங்கும். அதாவது அந்தக் கம்பியில் 25 கிலோ வரை தொங்கவிட்டாலும் நிரந்தரமாக நீளாது. பதப்படுத்திய 6061 கலவை, அதன் முழுப் பெயர் 6061-டி6, சுமார் 276. அதாவது 28 கிலோ சொச்சம். ஒரே பருமன் உள்ள கம்பிகளில் அலுமினியக் கம்பி எம்.எஸ். கம்பியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்குகிறது. அதுவும் மூன்றில் ஒரு பங்கு எடையில்! கடல்தகடான 5083 கொஞ்சம் பின்தங்கி, 22 கிலோ அளவில் நிற்கும். அன்னக்கூடை செய்கிற மென்மையான அலுமினியமோ மூன்றரைக் கிலோவிலேயே நீளத் தொடங்கிவிடும். "அலுமினியம் லேசு, நெளியும்" என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றியது இந்தப் பாத்திர அலுமினியத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரே உலோகத்துக்குள் எட்டு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? உலோகம் வளைவது உள்ளே அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால். 6061 கலவையைச் சுமார் 530 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் குளிர்வித்து, பிறகு 160, 170 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருந்தால், மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உள்ளே படியும். அந்தத் துகள்கள் சறுக்கலைத் தடுக்கின்றன. இப்படி வைத்திருந்தால் அலுமினியக் கலவை இறுகும் என்பதை 1906-ல் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் கண்டறிந்தார். விமானங்களுக்கு அலுமினியம் போனது அதற்குப் பிறகுதான்.

உச்ச வலிமை என்று பார்த்தால் எஃகை அலுமினியம் எட்டிப் பிடிக்க முடியாது. காங்கிரீட்டுக்குள் போடுகிற 500 கிரேடு கம்பியே 500 மெகாபாஸ்கல். சிறப்பு எஃகு வகைகள் 1000-த்தைச் சாதாரணமாகத் தாண்டும். அலுமினியத்தில் மிக வலுவான கலவைகளில் ஒன்றான 7075-ஏ 500-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. எம்.எஸ். அறுந்து போவதற்கு முன் தன் நீளத்தில் 23 சதவீதம் வரை நீளும். பதப்படுத்திய அலுமினியக் கலவைகளில் அது 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உடைவதற்கு முன் எச்சரிக்கை கொடுப்பதில் எம்.எஸ். தாராளமானது.

இப்போது விறைப்பு. எஃகின் விறைப்பு எண் சுமார் 200 ஜிகாபாஸ்கல் (ஒரு ஜிகாபாஸ்கல் ஆயிரம் மெகாபாஸ்கல்), அலுமினியத்தின் எண் சுமார் 70. ஒரே வடிவம், ஒரே அளவு, ஒரே சுமை என்றால் அலுமினியம் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது, இந்த எண்ணைக் கலவையாலோ பதப்படுத்துவதாலோ பெரிதாக அசைக்கவே முடியாது என்பது. அன்னக்கூடையின் மெத்தென்ற அலுமினியமும் விமான அலுமினியமும் 70-ஐ ஒட்டித்தான். எம்.எஸ். ஆணியும் 1000 மெகாபாஸ்கல் எஃகும் 200-ஐ ஒட்டித்தான். விறைப்பு என்பது அணுவுக்கும் அணுவுக்கும் நடுவில் உள்ள பிணைப்பின் குணம். துகள்களைப் படியவைத்துச் சறுக்கலைத் தடுக்கலாம், பிணைப்பை மாற்ற முடியாது. "கம்பி வளைகிறது, இன்னும் வலுவான கிரேடு போடுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிரேடு மாறினால் வளைவு குறையாது. பருமனையோ வடிவத்தையோ மாற்றினால்தான் குறையும்.

அப்படியானால் அலுமினியம் தோற்றுவிட்டதா? இல்லை. எதைச் சமமாக வைக்கிறோம் என்ற கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது. தகடு வளைவதில் தடிமனுக்கு இருக்கிற பங்கு மிகப் பெரியது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். தடிமனை மூன்று முறை பெருக்கிக் கணக்குப் போட வேண்டும்.

படகில் மீன் அறையை மூடுவதற்கு ஒரு மீட்டர் நீள அகலத்தில் ஒரு தகடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4 மில்லிமீட்டர் எம்.எஸ். தகடு போட்டால் எடை 31.4 கிலோ. அதே 4 மில்லிமீட்டரில் 5083 போட்டால் 10.6 கிலோ, ஆனால் மேலே ஏறி நின்றால் மூன்று மடங்கு தாழும். 6 மில்லிமீட்டராக்குங்கள். தடிமன் ஒன்றரை மடங்கு ஆனதால் விறைப்பு 3.4 மடங்கு கூடுகிறது. இப்போது அது 4 மில்லிமீட்டர் எம்.எஸ். தகட்டைவிடச் சற்றுக் கூடுதல் விறைப்பு. எடை 16 கிலோ. பாதி எடையில் அதே வேலை முடிந்துவிட்டது. சமத் தடிமனில் பார்த்தால் எஃகு ஜெயிக்கிறது, சம விறைப்பில் பார்த்தால் எடையில் அலுமினியம் ஜெயிக்கிறது. இரண்டும் ஒரே தகட்டைப் பற்றிய உண்மைதான்.

எடை எங்கே உயிர்நாடியோ அங்கே இந்தக் கணக்கு முடிவைத் தீர்மானிக்கும். மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராப்ட் மணலிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் ஓடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அடியில் ஊதுகிற காற்றுதான் முழு எடையையும் தூக்குகிறது. அதன் உடல் கடல்தர அலுமினியக் கலவையால் ஆனது. எஃகில் செய்தால் அதே விறைப்புக்கு உடல் எடை இரண்டு மடங்காகும், தூக்குவதற்கே எரிபொருள் போய்விடும். ஆனால் தடிமனைக் கூட்ட இடமில்லாத சாமான்களும் உண்டு. புரொப்பெல்லர் தண்டு, போல்ட்டு, வின்ச்சின் கம்பிவடம் எல்லாம் அப்படி. அங்கே எஃகு வகைகள்தான்.

அலையும் அதிர்வும்

ஒரு தடவை தாங்குகிற சுமையைக் கோடித் தடவை மாற்றி மாற்றிக் கொடுத்தால், வலிமை எல்லைக்கு வெகு கீழேயே உலோகம் விரிசல் விட்டு உடைந்துவிடும். இதற்குக் களைப்பு என்று பெயர். எஃகுக்கு இதில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, பெரும்பாலும் அதன் அறுபடு வலிமையில், அதாவது அறுந்தே போகிற அளவில், பாதிக்குக் கீழே சுமை இருந்தால், உலர்ந்த காற்றில் எத்தனை கோடித் தடவை ஆட்டினாலும் உடையாது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பத்திரமான தரை கிடையாது. சுமை சிறியதானாலும் தடவைகள் கூடக் கூடத் தாங்கும் அளவு இறங்கிக்கொண்டே போகும். 50 கோடி அதிர்வுகள் என்று வைத்தால் 6061-டி6 தாங்குவது 96 மெகாபாஸ்கல் அளவுக்கு வந்துவிடுகிறது.

கோடி என்றால் ஏதோ நூறு வருடக் கணக்கு என்று தோன்றும். வள்ளத்து இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், சுற்றுக்கு ஒரு அதிர்வு என்றாலும் மணிக்கு 1,80,000. 56 மணி நேரத்தில் ஒரு கோடி முடிந்துவிடும். அதனால்தான் இன்ஜினைத் தாங்கும் அலுமினியச் சட்டங்களில் போல்ட்டு ஓட்டை ஓரங்களையும் மூலைகளையும் அடிக்கடி பார்க்க வேண்டும். விரிசல் அங்கேதான் பிறக்கும். எஃகு என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அந்தப் பத்திரமான தரை உலர்ந்த காற்றுக்குத்தான். உப்புத்தண்ணீர் நனைக்க நனைக்க எஃகுக்கும் அது இல்லாமல் போகிறது.

உப்பு

ராமேசுவரம் தீவில் பழைய இரும்புச் சன்னல் ஒன்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி சுவருக்குள் இறங்குகிற இடத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். நகத்தால் நெம்பினால் துரு வெங்காயத் தோலாக அடுக்கடுக்காக உரியும். கம்பி பருத்ததுபோலத் தெரியும், ஆனால் உள்ளே இரும்பு பென்சில் பருமனுக்கு இளைத்திருக்கும். துரு தன்னை உண்டாக்கிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் அடைக்கிறது. அதனால்தான் சிமெண்டு பூச்சைத் தள்ளிப் பிளக்கிறது. நம் கடலோர வீடுகளில் கூரைக் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதற்கும் இதே காரணம்தான். துரு நுண்துளைகள் நிறைந்தது, ஈரமும் உப்பும் அதன் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். துரு இரும்பைக் காப்பதில்லை.

அலுமினியமும் காற்றோடு வினைபுரிகிறது. சொல்லப்போனால் இரும்பைவிட வேகமாக. ஆனால் உண்டாகிற ஆக்சைடு படலம் துளையில்லாமல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான், ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு. கீறினால் அந்த நொடியே புதிதாக மூடிக்கொள்ளும். உலோகத்தைக் காப்பது இந்தப் படலம்தான். 5083 கடலில் மூழ்கியே கிடந்தாலும் தாக்குப் பிடிப்பது இதனால்தான்.

இந்தப் படலத்துக்கும் எதிரிகள் உண்டு. புளிப்பும் காரமும் இரண்டும் அதைக் கரைக்கும். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்க வேண்டாம் என்பது அதனால். ஈரச் சிமெண்டு கடுமையான காரம். கொத்தனார் பூசும்போது அலுமினியச் சட்டத்தில் தெறித்த கலவையை உடனே துடைக்காவிட்டால் அந்த இடம் வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. பூச்சு வேலை முடிகிற வரை சட்டத்தின்மேல் டேப் ஒட்டிவையுங்கள். உப்பில் உள்ள குளோரைடு வேறு விதமாகத் தாக்குகிறது. படலம் முழுவதையும் அழிக்காமல், பலவீனமான புள்ளியில் நுழைந்து ஊசிக்குழி தோண்டும். மேலே வெள்ளைப் பொடி, கீழே குழி. இரும்பு பரவலாகத் தேயும், கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் புள்ளி புள்ளியாகத் தேயும், எளிதில் தெரியாது.

கடற்கரையில் அலுமினியத்துக்கு வரும் கேடுகளில் பெரும்பாலானவை அது இன்னொரு உலோகத்தோடு சேர்வதால் வருகின்றன. உப்பு ஈரத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன மின்கலம். எளிதில் கரையாத உலோகம் மேலே, எளிதில் கரைவது கீழே என்று வரிசைப்படுத்தினால், கீழே இருப்பது கரைந்து மற்றதைக் காப்பாற்றும். எம்.எஸ்., எவர்சில்வர், செம்பு ஆகிய மூன்றுக்குமே கீழே இருக்கிறது அலுமினியம், ஆகவே கரைவது அதுதான். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பது இதன் அடையாளம். நடுவில் நைலான் வாஷரோ ரப்பரோ வைத்துத் தொடர்பைத் துண்டித்தால் போதும், சில ரூபாய் செலவு. செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயிண்டை அலுமினிய உடலுக்கு அடிக்கவே கூடாது. அலுமினியத்துக்கும் கீழே துத்தநாகம் இருக்கிறது. அவுட்போர்டு மோட்டாரில் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் ஒரு துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பார்கள். அது கரைவதற்காகவே வைத்தது. கரையட்டும், பாதி தீர்ந்ததும் மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அதன் வேலையே நின்றுவிடும்.

தலைக்கு மேலே போகிற மின்கம்பியில் இந்தக் கட்டுரையின் இரண்டு நாயகர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் கம்பி வகையில் நடுவில் துத்தநாகம் பூசிய எஃகு இழை, சுற்றிலும் அலுமினிய இழைகள். இழுவிசையைப் பெரும்பாலும் எஃகு தாங்குகிறது, மின்சாரத்தை அலுமினியம் கடத்துகிறது. உள்நாட்டில் அருமையான கூட்டணி. கடலோரத்திலோ உப்பு உள்ளே புகுந்து துத்தநாகப் பூச்சைத் தின்ற பிறகு எஃகும் அலுமினியமும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ளும். வெளியில் நன்றாகத் தெரியும் கம்பி உள்ளே பொடிந்துகொண்டிருக்கும். அதனால் கடலோரத் தடங்களுக்கு எஃகே இல்லாமல், மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த அலுமினியக் கலவை இழைகளால் மட்டுமே முறுக்கிய கம்பியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, அலுமினியம் இவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்றால் பாம்பன் பாலத்தை ஏன் அலுமினியத்தில் கட்டவில்லை? ரயில் பாரத்துக்கு விறைப்பு வேண்டும், களைப்பைத் தாங்க வேண்டும், பல ஆயிரம் டன்னுக்கு விலை கட்டுப்படியாக வேண்டும். மூன்றிலும் எஃகுக்குத்தான் கை ஓங்குகிறது. 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய பாலம், இடைவிடாத சுரண்டலும் பெயிண்டுமாக, 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. உலகத்திலேயே அரிப்பு மிகக் கடுமையான இடங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிற கடலில் நூறு வருடத்துக்கு மேல்! எஃகு உழைக்கும், ஆனால் நாமும் அதற்கு உழைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இந்த மாவட்டத்தில் இல்லை. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் காங்கிரீட்டுக்குள் எவர்சில்வர் வகைக் கம்பிகளையும், எஃகின்மேல் பாலிசிலாக்சேன் என்ற பெயிண்ட் வகைப் பூச்சையும் போட்டிருக்கிறார்கள். அலுமினியத்தையே எஃகுக்குக் காவலாக வைப்பதும் உண்டு. அலுமினியத்தை உருக்கிப் பாலத்தின் எஃகு உத்திரமான கர்டர்மேல் தெளித்து, அதன்மேல் பெயிண்ட் அடிக்கும் முறை இந்திய ரயில்வேயில் வழக்கத்தில் இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையம் வைத்திருப்பதும், எந்த உலோகமும் எந்தப் பூச்சும் இந்தக் காற்றில் என்னவாகிறது என்று பார்க்கத்தான்.

சூடு

அலுமினியக் கலவை எம்.எஸ். தகட்டைவிட மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், சூட்டில் இரண்டு மடங்கு விரியும். புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப்பாலப் பகுதி 72.5 மீட்டர் நீளம். 20 டிகிரி சூடு ஏறினால் எஃகு 17 மில்லிமீட்டர் நீளும், அலுமினியமாக இருந்தால் 34. இரண்டு உலோகங்களையும் நீளமாகச் சேர்த்து முடுக்கினால் வெயில் ஏறி இறங்கும்போது ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், அதனால் ஓட்டையைக் கொஞ்சம் நீளவாக்கில் போடுவது நல்லது. தீ விஷயத்தில் அலுமினியம் பலவீனம். 200 டிகிரியிலேயே நீண்ட நேரம் இருந்தால் 6061-டி6 பாதிக்கும் மேல் வலிமையை இழந்துவிடும். எம்.எஸ். பாதியாவதற்கு 550, 600 டிகிரி ஆக வேண்டும். இன்ஜின் அறைப் பக்கம் அலுமினியம் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பட்டறையில்

எம்.எஸ். உடைந்தால் நம் ஊரில் எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், கை தேர்ந்த ஆளும் வேண்டும். அந்த ஆக்சைடு படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் ஆகும், உள்ளே இருக்கிற கலவையோ 600 டிகிரி சுமாரில் உருகிவிடும். படலத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் பற்றவைத்தால் ஒட்டாது. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து, திடீரென்று ஓட்டை விழுந்துவிடும்.

பற்றவைத்த பிறகு வலிமை என்ன ஆகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.எஸ். ஏறக்குறைய அப்படியே இருக்கும். 6061-டி6 தன் நுண்துகள்களைப் பாடுபட்டுப் பதப்படுத்திப் பெற்றது. வெல்டிங் சூட்டில் அந்தப் பக்குவம் கலைந்துபோகும். அதன் அறுபடு வலிமை 310, பற்றவைத்த இடத்தை ஒட்டிக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது வெறும் 165. பதப்படுத்தலை நம்பாமல் மக்னீசியத்தை நம்புகிற 5083, 305-லிருந்து 275-க்குத்தான் இறங்குகிறது. படகு உடல் முழுக்க முழுக்க வெல்டிங் என்பதால், கம்பி நிலையில் பின்தங்கி நின்ற 5083 இங்கே முன்னால் வந்துவிடுகிறது. போல்ட்டு போட்டுச் சேர்க்கும் சட்டங்களுக்கு 6061 நல்லது. அதனால் கடையில் "அலுமினியத் தகடு 6 எம்.எம்." என்று மட்டும் கேட்காமல், கலவை எண்ணையும் அதன் பின்னால் வரும் பதக் குறியீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். தகட்டின்மேல் அச்சடித்திருப்பதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.